விமானிக்கும் கோபுரத்துக்கும் நடுவே: கேள்வி பதில்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விமானிகளோடு ரேடியோவில் பேசுவதில் வரும் சிக்கல்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பிரபு: சாதாரண கைபேசியிலேயே குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. விமானத்தில் மட்டும் ஏன் இன்னும் கரகரப்பான ரேடியோ?

118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், பழைய ஏஎம் முறையில்தான் பேசுகிறோம். உலகம் முழுக்க எல்லா விமானத்திலும் கருவியை மாற்றுவது லேசான வேலை இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், வலுவான அலை மற்றதை விழுங்கிவிடும். இன்னொருவர் பேசியதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். பேச்சு புரியாவிட்டாலும் யாரோ குறுக்கே பேசினார்கள் என்றாவது தெரியும், திரும்பச் சொல்லச் சொல்லலாம்.

மீனா: சொன்னதையே விமானி திருப்பிச் சொல்கிறாரே, அது வெறும் சடங்கா?

இல்லைங்க. உயரம், திசை, ஓடுபாதை எண், காற்றழுத்த அளவு, இவற்றையெல்லாம் விமானி திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும். அதில் தவறு இருக்கிறதா என்று கவனிப்பது எங்கள் பொறுப்பு. சங்கடம் அங்கேதான். பத்து விமானங்களைக் கையில் வைத்திருக்கும்போது, காது தான் எதிர்பார்த்ததைத்தான் கேட்கும். விமானி தப்பான எண்ணைச் சொல்லியிருப்பார், நமக்குச் சரியான எண்ணே விழுந்த மாதிரி இருக்கும். 452, 542 என்று ஒரே மாதிரி அழைப்பெண் கொண்ட இரண்டு விமானங்கள் ஒரே அலைவரிசையில் வந்தால் இன்னும் மோசம். ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் எடுத்துக்கொள்வார். விமானிக்கும் இதே நோய்தான். நான்காயிரம் அடிக்கு இறங்கு என்று வரும் என எதிர்பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஐந்தாயிரமும் நான்காயிரமாகத்தான் கேட்கும்.

ஜோசப்: டெனெரிஃப் விபத்துக்கு ஆங்கிலக் குழப்பம்தான் காரணம் என்கிறார்களே?

பாதி உண்மை. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்கள் பலவும் டெனெரிஃபின் லாஸ் ரோடியோஸ் நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டன. நெரிசல், அதற்கு மேல் மூடுபனி. நெதர்லாந்தின் கேஎல்எம் விமானத்துக்குப் போகும் வழிக்கான அனுமதி மட்டும் கிடைத்திருந்தது, புறப்பட அனுமதி கிடைக்கவில்லை. துணை விமானி "வி ஆர் நௌ அட் டேக்ஆஃப்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார். புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரம் எடுத்துக்கொண்டது. உண்மையில் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது.

கோபுரம் "ஓகே" என்றது, சற்று நிறுத்தி, காத்திருங்கள் என்றது. அதே நொடியில் அமெரிக்காவின் பான் ஆம் விமானம், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று குறுக்கே சொல்ல, இரண்டு பேச்சும் மோதிக் கீச்சொலி ஆனது. கேஎல்எம் விமானி அறையில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" மட்டும். இரண்டு விமானங்களும் ஓடுபாதையிலேயே மோதின, 583 பேர் இறந்தார்கள்.

ஆனால் அந்த அறையில் இருந்த விமானப் பொறியாளர், பான் ஆம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால், ரேடியோவில் நடந்ததைவிட இதுதான் பெரிய தகவல் தொடர்புக் கோளாறு.

இதற்கப்புறம்தான் 'டேக்ஆஃப்' என்ற சொல்லை, அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது என்று ஆனது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' தான்.

அருண் (பயிற்சி விமானி): சார், அவசரநிலை அறிவிக்கத் தயக்கமாக இருக்கிறது. அப்புறம் விசாரணை, எழுத்து வேலை எல்லாம் வருமே?

வரட்டும் தம்பி, எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் நோக்கி வந்த ஏவியான்கா 52 விமானத்தைப் படியுங்கள். மோசமான வானிலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் காக்கவைத்தார்கள். எரிபொருள் தீர்கிறது, முன்னுரிமை வேண்டும் என்று சொன்னார்களே தவிர, 'எமர்ஜென்சி', 'மேடே' (உயிராபத்து என்று அறிவிக்கும் அழைப்பு) என்ற சொற்கள் வரவேயில்லை. முதல் முறை தரையிறங்க முடியாமல் மேலே ஏறினார்கள். எஞ்சின்கள் நின்றன. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

எரிபொருள் குறைகிறது என்று எல்லா விமானியும்தான் சொல்வார், கட்டுப்பாட்டாளருக்கு அதில் மணி அடிக்காது. இப்போது இரண்டு படி இருக்கிறது. இனி தாமதம் தாங்காது என்றால் 'மினிமம் ஃப்யூயல்'. கடைசி இருப்பையும் தொட்டுத்தான் இறங்க வேண்டும் என்ற நிலை வந்தால் 'மேடே ஃப்யூயல்'. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சாந்தி: ஆங்கிலம் சரியாகத் தெரியாத விமானிகளும் ஓட்டுகிறார்களா?

சர்வதேசப் பயணங்களுக்கு சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ மொழித் திறனுக்கு வைத்திருக்கும் ஆறு நிலைகளில் குறைந்தது நான்காவது தேவை. 2008இல் நடைமுறைக்கு வந்த விதி. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியின் வானில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தது இதற்கு ஒரு தூண்டுகோல். கஜக் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும், கீழே இறங்கிவிட்டது. கோபுரத்தோடு பேசியவர் தனி ரேடியோ ஆள், ஓட்டியவர்கள் வேறு. குழுவின் ஆங்கில அறிவு போதாததும் ஒரு காரணம் என்றது விசாரணை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மடமடவென்று கொச்சையில் பேசுவதும் அதே அளவு தொல்லை. அவர்களுக்குத்தான் யாரும் பரீட்சை வைப்பதில்லை என்று நாங்கள் அறைக்குள் முணுமுணுப்போம்.

ராஜா: ரேடியோ சுத்தமாக வேலை செய்யாவிட்டால்?

விமானத்தின் அடையாள எண்ணை ரேடாருக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7600 போட்டால் எங்கள் திரையில் தெரிந்துவிடும். கோபுரத்திலிருந்து விளக்கும் காட்டுவோம்: விமானத்துக்கு அணையாத பச்சை என்றால் இறங்கலாம், அணையாத சிவப்பு என்றால் வழிவிட்டு வட்டமடி. பெரும்பாலும் கருவி கெடுவதில்லை, தப்பான அலைவரிசையில் காத்துக்கொண்டிருப்பார்கள். அதற்காகத்தான் அவசர அலைவரிசையான 121.5ஐயும் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறோம்.

ஃபாத்திமா: என் கைபேசியை அணைக்காவிட்டால் இதெல்லாம் கெட்டுப்போகுமா?

விமானியின் ஹெட்செட்டில் இரைச்சல் வரலாம். விமானம் விழாது. ஆனாலும் அணையுங்கள்.

பிரபு (மறுபடியும்): எழுத்துச் செய்தியாக அனுப்பிவிட்டால் எல்லாம் தீர்ந்ததே?

கடலுக்கு மேலும் உயரப் பறக்கும்போதும் அப்படித்தான் நிறைய நடக்கிறது. நல்ல முறை. தரையிறங்கும் இடத்தில் ஒத்துவராது, படித்து ஏற்றுக்கொள்ள நேரமில்லை. மேலும் குரல் என்றால் பக்கத்து விமானியும் கேட்பார். தன் ஓடுபாதையில் இன்னொருவருக்கு அனுமதி போவது காதில் விழுந்தால் குரல் கொடுப்பார். எப்போதும் காப்பாற்றாது என்பதும் உண்மை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் கடலோரக் காவல்படை விமானத்துக்கு "நம்பர் ஒன்" என்று வரிசை சொன்னார்கள், ஓடுபாதைக்கு வெளியே நிற்கவும் சொன்னார்கள். உள்ளே நுழைய அனுமதி வந்துவிட்டதாக அதன் தலைமை விமானி நினைத்துக்கொண்டார். அந்தக் காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே ஓடுபாதையில் இறங்கி அதன்மேல் மோதிய ஏர்பஸ் பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினார்கள். அதற்கப்புறம் ஜப்பானில் வரிசை எண் சொல்வதைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தார்கள்.

அருண்: இந்தப் பேச்சுக்குக் காதைப் பழக்க என்ன வழி சார்?

நேரடி ரேடியோ உரையாடலைக் கேட்பதுதான். சில நாடுகளில் அது சட்டப்படி குற்றம், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு எண்களை மட்டும் எழுதுங்கள். வாக்கியத்தைப் பிடிக்க முயலாதீர்கள், அது தானாக வரும்.