பதில்: வாக்கரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை என்றால்

அம்மிணி, அம்மாவுக்கு அறுவை செய்து முழங்கால் மூட்டை மாற்றிப் பத்து நாளாகிறது, முடக்குவாதத்தால் விரல் மடங்காமல் வாக்கரைப் பிடிக்க முடியவில்லை, கோபியில் நடுமுற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே நோய், அதே அறுவை. வீடு மட்டும் பெருந்துறைப் பக்கம்.

சாதாரண வாக்கரில் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். முன்கையைக் கிடத்திக்கொள்ளத் தட்டு பொருத்திய வாக்கர் இருக்கிறது; பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். அது வரும்வரை நான் கைப்பிடியில் பழைய காடாத்துணியைத் தடிமனாகச் சுற்றித் தைத்திருந்தேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் பிடி கிடைத்தது.

கயிற்றுக் கட்டிலைத் திண்ணைக்கு அனுப்பிவிடுங்கள். குழிந்த கட்டிலிலிருந்து எழுவதற்குள் இரண்டு கையும் விட்டுப்போகும். வாசற்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். முழங்காலுக்கடியில் தலையணை கேட்பார். சுகமாகத்தான் இருக்கும், பிறகு கால் நேராக நீளாது. குதிகாலுக்கடியில் வையுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. அறுவைக்காக நிறுத்திவைத்த பயாலஜிக் ஊசியை (முடக்குவாதத்துக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கப் போடுவது) காயம் நன்றாக ஆறிய பிறகு, முடக்குவாத மருத்துவர் சொன்னால் மட்டும் தொடங்குங்கள். இந்த மருந்துகள் காய்ச்சலைக்கூட மறைத்துவிடும்; அதனால் தினமும் காயத்தைப் பாருங்கள். நீர் கசிந்தாலும் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு யாராவது ஒரு பெரியம்மா கட்டாயம் வருவார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.