கீமோ முடிஞ்சு நாலு வருஷம், இப்போ கவனமே இல்லைங்கறாங்க

கேள்வி: அக்கா, என் பையனுக்கு மூணரை வயசுல ஏஎல்எல் பிளட் கேன்சர். ரெண்டரை வருஷம் ட்ரீட்மென்ட், முதுகுல ஊசி நிறைய போட்டாங்க. இப்போ பத்து வயசு, அஞ்சாவது படிக்கிறான். மூணாங்கிளாஸ்ல இருந்தே போர்டுல இருக்கறத பாதிதான் எழுதிட்டு வர்றான். மிஸ் ஏடிஎச்டியா (கவனக் குறைவு, துறுதுறுப்புப் பிரச்சினை) இருக்கும்ங்கறாங்க, வீட்டுக்காரர் நான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேங்கறார். அந்த ஊசிக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன், அதான் தூக்கமே இல்ல. - ஒரு அம்மா, திருப்பூர்

பதில்: மொதல்ல கையெழுத்து விஷயம். சாதாரண கீமோ மருந்து மூளைப் பக்கம் சரியா போய்ச் சேராது, அதனால 1960கள்ல ரத்தம் சுத்தமான குழந்தைங்களுக்குக் கூட மூளை உறையில ஒளிஞ்சிருந்த கேன்சர் செல்லு திரும்பக் கிளம்பி வந்துடும். அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல டொனால்ட் பிங்கல்ங்கற டாக்டர் தலைக்கு ரேடியேஷனும் முதுகு வழியா மெத்தோட்ரெக்ஸேட்ங்கற கீமோ மருந்தும் சேர்த்துக் குடுத்த பிறகுதான் பாதிப் பேராவது பிழைச்சாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட முதுகு ஊசியும் அந்த செல்லு திரும்பி வராம தடுக்கத்தான்.

ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் சொல்லலைன்னா அது உங்க தப்பில்ல. மெத்தோட்ரெக்ஸேட் ஃபோலேட்ங்கற வைட்டமின் வேலைய தடுத்து வேலை செய்யற மருந்து, வளர்ற மூளையில சேதிய கடத்தற வெள்ளைப் பகுதிய அது பாதிக்கலாம், சின்ன வயசுல போட்டா வாய்ப்பு கூட, ரேடியேஷனும் சேர்ந்திருந்தா இன்னும் கூட. இது உடனே தெரியாது, சில வருஷம் கழிச்சு பாடம் கூடுறப்பதான் வெளிய வரும். உங்க பையனுக்கு மூணாங்கிளாஸ்ல ஆரம்பிச்சது அதோட பொருந்துதுங்க.

வீட்ல ஒண்ணு பண்ணிப் பாருங்க. "மாடிக்குப் போய் துண்ட எடுத்துட்டு, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, தண்ணி பாட்டில் கொண்டா"ன்னு ஒரே மூச்சுல சொல்லுங்க. பாட்டிலோட மட்டும் வந்து நின்னா அது திமிரில்ல, மூணு விஷயத்த ஒண்ணா மனசுல பிடிச்சு வைக்க முடியல, அவ்வளவுதான். ஏடிஎச்டின்னா ஒரு இடத்துல உக்காராம குதிக்கிற பையன்தான் நம்ம கண்ணுக்கு வருவான், கீமோ எடுத்த இந்தக் குழந்தைங்க பெரும்பாலும் அமைதியா உக்காந்தபடியே எங்கயோ போயிடுவாங்க, எல்லாத்தையும் மெதுவா செய்வாங்க. போர்டு பாதி நிக்கறதுக்கு வின்கிறிஸ்டின்ங்கற இன்னொரு கீமோ ஊசியால விரல் நரம்பு பலம் குறைஞ்சதும் காரணமா இருக்கலாம், கண்ணையும் ஒருதடவ செக் பண்ணிடுங்க.

ஸ்கூல் மிஸ் சொல்ற பேர அப்படியே எடுத்துக்காதீங்க. கேன்சர் டாக்டர்கிட்ட ட்ரீட்மென்ட் சம்மரி வாங்கிட்டு (எந்த மருந்து, எவ்வளவு, ரேடியேஷன் உண்டா இல்லையா) நியூரோசைக்காலஜி டெஸ்ட் (கவனம், ஞாபகம், வேகம் எப்படி இருக்குன்னு பாக்கறது) எடுக்கற இடத்துக்குப் போங்க. அந்த ரிப்போர்ட்ட வச்சு ஸ்கூல்ல எக்ஸ்ட்ரா டைம், முன் பெஞ்சு, போர்ட போட்டோ எடுத்துத் தர்றது இதெல்லாம் கேளுங்க, கூச்சப்படாம கேளுங்க. டியூஷன இன்னும் ஒரு மணி நேரம் கூட்டறது மட்டும் வேண்டாம், ஏற்கனவே களைச்ச புள்ள.

மெத்தில்ஃபெனிடேட்னு ஏடிஎச்டி மருந்து இந்தக் குழந்தைங்க சிலருக்குக் கேக்குது, எல்லாருக்கும் இல்ல. பசியும் தூக்கமும் குறையலாம். ஒண்ணு முக்கியம், கீமோல சிவப்பா ஒரு மருந்து ஏத்தியிருப்பாங்களே, அது இதயத்த பாதிக்கக்கூடியது, இந்த மாத்திரையும் துடிப்ப ஏத்தும். அதனால யார் எழுதிக் குடுத்தாலும் பழைய ஃபைல காட்டி எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கணுமான்னு கேக்காம முதல் மாத்திரைய போடாதீங்க.