டீசல் பிக்கப்பில் டேங்க் மெதுவாக நிரம்புகிறது, வென்ட்டை மாற்றலாமா?

கேட்டிருப்பது இதுதான்: பிக்கப்பில் டீசல் போடும்போது பத்து லிட்டருக்கு ஒரு தடவை நாசில் டக்கென்று கட் ஆகிறது. விசையைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் டேங்க் நிரம்புகிறது. டேங்கின் காற்று போய்வரும் வென்ட் குழாயைப் பெரிதாக்கி, வண்டி கவிழ்ந்தால் அந்த வழியை மூடும் ரோல் ஓவர் வால்வைக் கழற்றிப் போட்டால் வேகமாக நிரம்பும் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?

குழாயை மாற்றலாம். வால்வைத் தொடாதீர்கள். என் வண்டியில் இந்த வேலையை இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை செய்தது தப்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நாசில் ஏன் கட் ஆகிறது என்று பார்ப்போம். அடுத்த முறை பங்க்கில் நிற்கும்போது நாசிலின் முனையைக் கவனியுங்கள், சின்னதாக ஒரு துளை இருக்கும். அதிலிருந்து கைப்பிடி வரை உள்ளே ஒரு மெல்லிய குழாய் போகிறது. டீசல் பாய்கிற வேகமே அந்தக் குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். துளை திறந்திருக்கும்வரை காற்று தாராளமாக வரும், விசையும் பிடித்த இடத்தில் நிற்கும். டீசலோ நுரையோ துளையை மூடிவிட்டால் இழுக்கக் காற்று கிடைக்காது. உடனே கைப்பிடிக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு இழுபட்டு விசையை விடுவித்துவிடும். மின்சாரம், சென்சார் எதுவும் கிடையாது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது நாசிலுக்குத் தெரியாது, தன் மூக்கு நனைந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் டேங்க் பாதி காலியாக இருக்கும்போதே மூக்கு ஏன் நனைகிறது? மூடி இருக்கும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ஃபில்லர் பைப்பிலேயே டீசல் தேங்கி மேலே ஏறி வருவதால்தான். உள்ளே ஒரு லிட்டர் போனால் ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். சாதாரண நாசில் நிமிடத்துக்கு சுமார் 40 லிட்டர் தள்ளும், லாரிகளுக்கான பெரிய நாசில் 100 லிட்டருக்கும் மேலே. காற்று வெளியேறும் வழி எங்காவது அடைத்திருந்தால் டீசல் காத்து நிற்கும்.

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். வென்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் பொதுவாக டேங்கில் காற்றுப்போக்கு இரண்டு இருக்கும். ஒன்று, டேங்கின் மேலிருந்து கிளம்பி ஃபில்லர் பைப்பின் வாய்ப் பக்கத்துக்கே திரும்பி வரும் பிரீதர் ஹோஸ். நிரப்பும்போது காற்று பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வரும். மற்றது, டேங்கிலிருந்து வெளிக்காற்றுக்குப் போகும் மெல்லிய வென்ட். வண்டி ஓடி டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வருவதற்காக இருப்பது அது. ரோல் ஓவர் வால்வு இதில்தான் உட்கார்ந்திருக்கும். நிரப்பும் வேகம் குறைவதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

இவை போக டேங்கின் உச்சியில் வேண்டுமென்றே விட்டுவைத்த காலி இடம் ஒன்று உண்டு. பல டேங்க்குகளில் பிரீதரின் உள்முனை கூரையோடு நின்றுவிடாமல் சில அங்குலம் கீழே இறங்கியிருக்கும். டீசல் மட்டம் அந்த முனையைத் தொட்டதும் காற்று வெளியேற வழி இல்லை. டீசல் ஃபில்லர் பைப்பில் ஏறும், நாசில் நிற்கும். அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடம் டீசல் சூட்டில் விரிவதற்கானது. டீசல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.08 சதவீதம் விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 80 லிட்டர் டீசல், வெயிலில் 25 டிகிரி கூடினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் பெருகும். அது எங்கேயாவது போக வேண்டும் இல்லையா?

நான் முதல் தடவை செய்தது என்னவென்றால், டேங்கை இறக்கி, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குழாயில் கூரையை ஒட்டி ஒரு துளை போட்டேன். கூடவே ரோல் ஓவர் வால்வுக்குள் இருந்த மிதவையையும் எடுத்துவிட்டேன். அன்று டேங்க் பிடித்த அளவைப் பார்த்து ரொம்பச் சந்தோஷம், வழக்கத்தைவிட ஆறு லிட்டர் கூடுதல். மறுநாள் காலையில் வாய்வரை நிரப்பி, முன்பக்கம் மேடாக இருக்கிற ஒரு சரிவில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தால் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய கோடாக டீசல் இறங்கி, சரிவின் அடியில் இருக்கும் வளைவு வரை போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்கூட்டர் அந்த வளைவில் திரும்பியது. பின்சக்கரம் அப்படியே பக்கவாட்டில் வழுக்கியது. ஓட்டிவந்த பெண் காலை ஊன்றி எப்படியோ சமாளித்துக்கொண்டார். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று ஆவியாகிப் போவதில்லை, எண்ணெயாக அப்படியே கிடக்கும். மண்ணள்ளிக் கொட்டி, பெருக்கி, மறுபடி கொட்டி அதை எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. டேங்கைத் திரும்ப இறக்கி, துளையை அடைத்து, புது வால்வு போட்ட பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அந்த மிதவை எதற்கென்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். வண்டி சாய்ந்தாலோ கவிழ்ந்தாலோ அது வென்ட் வழியை மூடிவிடும். கவிழ்ந்த வண்டியிலிருந்து டீசல் ஊற்றாமல் இருப்பது அதனால்தான். ஐக்கிய நாடுகளின் 34-ஆம் எண் வாகன விதிமுறையின்படி, மூடி போட்ட டேங்கைத் தலைகீழாகத் திருப்பினாலும் நிமிடத்துக்கு 30 கிராமுக்கு மேல் கசியக் கூடாது. அமெரிக்காவிலும் எரிபொருள் அமைப்புக்கென்றே 301-ஆம் எண் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. மோதல் சோதனைக்குப் பிறகு வண்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதும் அதில் உண்டு. டீசலின் தீப்பற்று நிலை பெட்ரோலைவிட மிக அதிகம், அந்த அளவுக்குப் பயமில்லை என்பது உண்மை. ஆனால் விபத்தில் சூடான சைலன்சர் மேலோ டர்போ மேலோ டீசல் ஊற்றினால் தீப்பிடிக்கும். நிரப்பும்போது மிச்சமாகிற இரண்டு நிமிடத்துக்காக இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, மெதுவாக நிரம்பும் தொந்தரவு? அது அப்படியேதான் இருந்தது. டேங்க் ஆறு லிட்டர் கூடுதலாகப் பிடித்ததே தவிர, வேகம் ஏறவில்லை. அப்போதுதான் வயதான ஒரு லாரி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் டேங்கைத் தொடவே இல்லை. டார்ச்சை வாங்கி, ஃபில்லர் பைப்புக்கும் சேசிஸுக்கும் நடுவில் அடித்துக் காட்டினார்.

"தம்பி, அந்தச் சின்ன ஹோஸைப் பாருங்க. எப்படித் தொங்குது?"

ஹோஸைத் தூக்கிப் பிடிக்கும் கிளிப்பு எப்போதோ உடைந்திருந்தது. பிரீதர் ஹோஸ் ஊஞ்சல் மாதிரி நடுவில் தொங்கி, கிட்டத்தட்ட ஒரு சாண் ஆழத்துக்கு வளைந்திருந்தது. ஒரு முனையைக் கழற்றிக் கீழே சாய்த்தார். அரை டம்ளர் டீசல் கொட்டியது, கடைசியில் கறுப்பாகக் கொஞ்சம் சேறு.

மொத்த விஷயமும் அந்த அரை டம்ளரில்தான் இருந்தது. வளைவில் தேங்கிய டீசல், கழுவுதொட்டிக்கு அடியில் இருக்கும் வளைகுழாய்த் தண்ணீரைப் போலக் காற்றை மறித்துக்கொண்டிருந்தது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டுமென்றால் டேங்குக்குள் அந்த ஒரு சாண் உயரத்துக்கான அழுத்தம் கூட வேண்டும். அழுத்தம் கூடினால் ஃபில்லர் பைப்பில் டீசலும் அதே ஒரு சாண் கூடுதல் உயரத்துக்கு ஏறி நிற்கும். பைப்பின் மொத்த உயரமே இரண்டு மூன்று சாண்தான். காற்று குமிழ் குமிழாக வெடித்து வருவதால் நுரை வேறு. மூக்கு நனையாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். டேங்க் முனையிலும் ஃபில்லர் முனையிலும் துவாரம் 12 மில்லிமீட்டர். நடுவிலோ எப்போதோ யாரோ ஹோஸை வெட்டி ஒட்டிய இடத்தில் 8 மில்லிமீட்டர் பித்தளை ஜாயின்ட். 12-ஐ 8 ஆக்கினால் காற்று போகும் பரப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ அதுதான் கணக்கு, மற்ற இடமெல்லாம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அதனால் முனைகளில் 8 இருக்கும்போது நடுவில் மட்டும் பெரிய ஹோஸ் போடுவதில் பெரிய லாபம் இருக்காது.

கடைசியில் செய்தது சின்ன வேலைதான். ஜாயின்ட்டே இல்லாத ஒரே துண்டு ஹோஸ், உள்விட்டம் 12 மில்லிமீட்டர், டேங்கிலிருந்து ஃபில்லர் வாய்வரை எந்த இடத்திலும் கீழே இறங்காமல் மேல்நோக்கியே போகும்படி இரண்டு கிளிப்பு. அவ்வளவுதான். அன்றிலிருந்து விசையை முழுசாக அழுத்திக் கொக்கியில் மாட்டிவிட்டு விலகி நிற்கிறேன், டேங்க் நிரம்பும்போது ஒரே ஒரு தடவை கட் ஆகிறது.

ஹோஸ் வாங்கும்போது எரிபொருளுக்கென்றே செய்த நைட்ரைல் ரப்பர் ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குழாய் கொஞ்ச நாளில் விறைத்துப்போய் வெடிக்கும். சாதாரண சிலிகான் ஹோஸ் டீசலில் ஊறி உப்பிவிடும். பழைய பெரிய ஃபில்லர் ஹோஸையும் உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். உள் அடுக்கு உரிந்து மடங்கி நின்றால் அதுவே பாதி வழியை அடைத்துவிடும்.

மெல்லிய வென்ட்டைச் சோதிக்க வேண்டுமென்றால், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். லேசான உஸ் சத்தம் சகஜம். மூடியைத் திருப்பவே முடியாமல் உறிஞ்சிப் பிடித்திருந்தால் வென்ட் அடைத்திருக்கிறது. அதன் வெளிமுனையில் புழுதி சேரும், குளவி கூடு கட்டும். சுத்தமான ஒரு துண்டு ஹோஸைச் செருகி வாயால் மெதுவாக ஊதினாலே காற்று போக வேண்டும். கம்ப்ரஸரை வைக்காதீர்கள், மிதவை உடைந்துவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் பங்க்கிலேயே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். வேறு பங்க்கில் போட்டால் கட் ஆகவில்லை என்றால் குறை உங்கள் வண்டியில் இல்லாமலும் இருக்கலாம். டீசலில் நுரை அடங்கச் சேர்க்கும் பொருள் எல்லா டீசலிலும் ஒரே அளவு இருக்காது. அப்புறம், நாசிலைக் கால்வட்டம் திருப்பி ஓர் அங்குலம் வெளியே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பெரிய லாரி நாசில் பக்கமே போக வேண்டாம். லாரி டேங்கில் வாய் டேங்கின் மேலேயே இருக்கும், நீளமான பைப் கிடையாது. அந்த வேகத்தைப் பிக்கப்பின் பைப் தாங்காது.

டேங்கை இறக்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், உலோக டேங்காக இருக்கும்பட்சத்தில் அதில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். காலி டேங்க்தானே என்று நினைப்பார்கள். வெல்டிங் சூட்டில் ஒட்டியிருக்கும் டீசலும் ஆவியாகும், மூடிய டேங்குக்குள் அது காற்றோடு கலந்து வெடிக்கும். இப்படி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். முறையாகக் கழுவி, ஆவியை வெளியேற்றிச் செய்யத் தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

புது ஹோஸ் போட்ட பிறகு முதல் கட் வரை நிரப்பி, வெயிலில் பின்பக்கம் இறங்கினாற்போல் நிறுத்தி, அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ரப்பர் முதல் வாரத்தில் கொஞ்சம் அமுங்கும், அதனால் ஒரு வாரம் கழித்துக் கிளாம்ப்பை இன்னும் அரைச் சுற்று முடுக்க வேண்டியிருக்கும்.