செல்லப்பிராணி கேள்வி - பதில்: நாய்க்கு வீட்டிலேயே முடி வெட்ட

கேள்வி: எங்கள் ஷிட்சுவுக்குத் தாடி டிரிம்மரால் முடி வெட்டப் பார்த்தோம். இரண்டே நிமிடத்தில் மெஷின் முடியைக் கவ்விக்கொண்டது, நாய் அலறிவிட்டது. தனி மெஷின் வாங்கத்தான் வேண்டுமா? எப்படிப் பார்த்து வாங்குவது?
- வாசகி, காட்பாடி

பதில்: வாங்கத்தான் வேண்டும். நாய்த் தோலில் ஒரே துளையிலிருந்து பல முடிகள் கொத்தாக வளரும். அந்த அடர்த்தியில் தாடி டிரிம்மரின் சின்ன மோட்டார் திணறும். வேகம் குறைந்ததும் பிளேடு வெட்டுவதை விட்டு முடியை இழுக்க ஆரம்பிக்கும். உங்கள் நாய் அலறியது அந்த இழுப்பில்தான்.

பிளேடைக் கழற்றி மாற்றக்கூடிய மெஷினாக வாங்குங்கள். பிளேடில் எண் இருக்கும். எண் கூடக்கூட முடி குட்டையாகும்: 10 என்றால் சுமார் 1.5 மி.மீ., 7எஃப் என்றால் 3 மி.மீ., 5எஃப் 6 மி.மீ., 4எஃப் 9 மி.மீ. முடி மிஞ்சும். அந்த 'எஃப்' எழுத்து முக்கியம். அது இல்லாத 7, 5, 4 பிளேடுகளில் ஒரு பல் நீளம், ஒரு பல் குட்டை. அந்த இடைவெளியில் தோல் மடிப்பு புகுந்து அறுபடும். உங்கள் நாயின் உடம்புக்கு 4எஃப், ஆசனவாயைச் சுற்றியும் பாதத்தின் அடியிலும் 10, இந்த இரண்டும் போதும். 40 வீட்டில் வேண்டவே வேண்டாம். அது ஆபரேஷனுக்கு முன் மழிக்கிற பிளேடு.

வெட்டும் நாளில் முதலில் சீப்பால் அடிவரை சீவுங்கள். சீப்பு போகாத இடத்தில் 4எஃப்பும் போகாது. பிறகு குளிப்பாட்டி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். அழுக்கு முடி பிளேடை மழுக்கும், ஈரமுடி ஒட்டிக்கொண்டு மெஷினை நிறுத்தும். பிளேடைத் தோலோடு படுக்கவைத்து, முடி வளரும் திசையிலேயே ஓட்டுங்கள். பல் நுனி தோலைக் குத்துகிற மாதிரி சாய்க்காதீர்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வயிற்றுப் பக்கத் தோல் தளர்ந்து நெகிழும் என்று. உயிரோடு இருக்கும் நாய்க்கும் அப்படித்தான். அக்குள், தொடை இடுக்கு, வயிற்றின் பக்க மடிப்பு, காம்புகள் ஆகிய இடங்களில் ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்த பிறகே மெஷின் தொட வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். நிறுத்தி ஆறவிடுங்கள், பல்லில் இரண்டு மூன்று சொட்டு கிளிப்பர் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் பிசுக்கேறி பிளேடு இறுகிவிடும்.

கேள்வி: வெள்ளைப் பொமரேனியன் வளர்க்கிறோம். அக்னி நட்சத்திரத்துக்கு முன் மொட்டை அடித்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: தயவுசெய்து வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டும் நம் வெயிலில் நாய் படும் பாட்டைப் பார்த்து இரக்கத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நாய்க்கு உடம்பு முழுக்க வியர்த்து ஆறுவதில்லை. அது ஆறுவது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதால். மேல்முடி வெயிலைத் தடுக்கும் கூரை. அதை மழித்தால் தோல் நேராகக் காயும். போதாததற்கு, பொமரேனியன் போல மேல்முடி, அதற்கு அடியில் பஞ்சுமுடி என இரண்டு அடுக்கு உள்ள இரட்டை முடி இனங்களில் மழித்த இடத்தில் பல மாதம் முடி வராமலே போகலாம், வந்தாலும் திட்டுத் திட்டாக வரும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதேதான்.

உதிர்ந்து உள்ளே தங்கிய பஞ்சுமுடிதான் காற்றை அடைப்பது. வாரம் மூன்று நாள் அடிமுடி வாரும் சீப்பால் எடுங்கள், கை நிறைய வரும். மெஷின் தேவைப்படுவது பாதத்தின் அடியிலும் வாலுக்குக் கீழும் மட்டும்.

கேள்வி: காதுக்குப் பின்னால் இருந்த சிக்கைக் கத்தரியால் வெட்டும்போது தோலும் அறுபட்டு ரத்தம் வந்தது. மஞ்சள்தூள் வைத்தோம். சரிதானா?
- வாசகி, ஆற்காடு

பதில்: சிக்கை இழுத்துப் பிடிக்கும்போது அடியில் தோலும் கூடாரம்போல எழும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. கத்தரியால் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை இப்படி வருபவையே. சிக்குக்கும் தோலுக்கும் நடுவே 10 பிளேடைப் படுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுப்பதே வழி.

மஞ்சள்தூள் வேண்டாம். காயத்தில் அப்பிக்கொண்டு ஆழத்தை மறைக்கும். சுத்தமான துணியை ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். பிறகு கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து கழுவுங்கள். காயத்தின் வாய் பிளந்திருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் தையல் போடுங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால், இபுப்ரோஃபென் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷமாகலாம்.

காது மடலிலேயே பெரிய சடை இருந்து எடுத்திருந்தால் இரண்டு நாள் கவனியுங்கள். அது தலையை உதறிக்கொண்டே இருந்தால் மடலுக்குள் ரத்தம் கட்டி, பை மாதிரி வீங்கும். அந்த வீக்கத்தை ஊசியால் குத்திப் பார்க்காமல் மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.