தாய்மார் மருத்துவ வசதிக்கு நிதி ஒதுக்கச் சொல்லிக் குரல் கொடுப்பதால் உண்மையில் ஏதாவது நடக்குமா? நேரே காசு அனுப்புவது நல்லதில்லையா?

நடக்கும். ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் முதலில் பிழையானதைத்தான் கேட்டோம்.

எனக்குத் திருகோணமலை மாவட்டம், வெருகல் பக்கம் ஒரு கிராமம். மாதர் சங்கத்தில் செயலாளராக இருந்ததால் மகஜர் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கிளினிக் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. கர்ப்பிணிகளுக்கு ஒரு திரைமறைவுகூடக் கிடையாது. அதனால் கட்டடம் கேட்டோம். ஒரு வெளிநாட்டு நிறுவனம் கட்டியும் தந்தது. பெயர்ப்பலகை, ரிப்பன், பேச்சு எல்லாம் முடிந்த பிறகு அது மாதத்தில் ஒரு நாள்தான் திறந்தது. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் (வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவிச்சி, நாங்கள் "மிஸ்" என்போம்) மாற்றலாகிப் போய்விட்டார். பக்கத்துப் பகுதி மிஸ்தான் எங்களையும் சேர்த்துப் பார்த்தார், பாதி நாள் சொந்தப் பெற்றோலில்.

2017 இல் என் மச்சாளுக்கு எட்டாம் மாதம் முகமும் காலும் வீங்கியது. "மூத்தவனுக்கும் இப்படித்தானே" என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். மிஸ் வீட்டுக்கு வந்திருந்தால் பிரஷரைப் பார்த்து அன்றைக்கே அனுப்பியிருப்பார். மூன்றாம் நாள் இரவு தலையிடி தாங்கவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் அம்புலன்ஸ் சேவை அதற்கு முந்திய வருடம் மேல், தென் மாகாணங்களில்தான் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. ஓட்டோவில் மூதூர், அங்கிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

தாய் மரணங்களை ஆராய்பவர்கள் மூன்று தாமதங்களைச் சொல்வார்கள்: போக முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், போன இடத்தில் வைத்தியம் கிடைப்பதில். அம்மாவின் காலத்தில் எங்களை வாட்டியது இரண்டாவது. கிண்ணியாவில் பாதைக்காக (ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றும் படகு) காத்திருந்த கதைகளை இன்றும் சொல்லுவா. 2009 இல் பாலம் வந்தது, அது குறைந்தது. (பாலமும் பெரிய காசில் கட்டியதுதான், கட்டுமானமே வீண் என்று நான் சொல்லவில்லை.) மச்சாளுக்கு நேர்ந்தது முதலாவது தாமதம். அதைக் குறைப்பது கட்டடம் இல்லை, படலையைத் திறந்துகொண்டு வருகிற மிஸ்.

அரசாங்கக் கணக்கில் மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்று இரண்டு உண்டு. கட்டடமும் ஸ்கான் மெசினும் முதல் வகை. கொடுப்பவர் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். சம்பளம், பயணப்படி, எரிபொருள் எல்லாம் இரண்டாவது. நன்கொடையாளர்கள் இதைத் தொடப் பயப்படுவார்கள்: திட்டம் முடிந்தால் சம்பளம் யார் கொடுப்பது? நியாயமான கேள்விதான். ஆகவே அரசிடம்தான் போக வேண்டும்.

தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்கக் கடிதம் போட்டோம். எங்கள் பிரிவில் குடும்பநல உத்தியோகத்தருக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, களப்பயணத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு? 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. முந்தி "தாய்மார் படும் துன்பம்" என்று இரண்டு பக்கம் எழுதுவோம், தலையாட்டி வாங்கி வைப்பார்கள். இப்போது ஒரே கேள்வி: பதவி உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது, ஆள் எங்கே?

இன்னொன்று, நேரம். வரவு செலவுத் திட்டம் நவம்பரில் வாசிக்கும்போது கத்திப் பிரயோசனமில்லை. அடுத்த வருட மதிப்பீட்டைத் திணைக்களங்கள் நடு வருடத்திலேயே எழுதத் தொடங்கிவிடும். அப்போதே கதவைத் தட்டுங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்ததால், உறுப்பினர் என்று போய் நிற்க எங்களுக்கு ஒருவரும் இருக்கவில்லை. மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் மாறி மாறி அலைந்தோம்.

முதலில் பக்கத்துப் பகுதி மிஸ்ஸுக்கு வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கிராமம் என்று எழுத்தில் கிடைத்தது. நிரந்தரமாக ஒருவர் வர ஒரு வருடத்துக்கு மேல் போனது.

காசு அனுப்பத்தான் வேண்டும் என்றால், எங்கள் சங்கத்தில் இரவு ஓட்டோக் கூலிக்கு ஒரு சின்ன நிதி வைத்திருக்கிறோம். சாவி பொருளாளர் அக்காவிடம். நடுச்சாமத்தில் தட்டினாலும் எழும்பி வருவா. முடிந்தவர்கள் பிறகு திருப்பிக் கட்டுவார்கள். முடியாதவர்களிடம் நாங்கள் கேட்பதில்லை.