ட்ரெம்2 மரபணு என்றால் என்ன? அல்சைமருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மூளைக்கென்று தனியாக ஒரு துப்புரவுப் படை இருக்கிறது, மைக்ரோகிளியா என்று பெயர். அந்தச் செல்களின் மேல்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உணர்வியைச் செய்வதற்கான குறிப்புதான் ட்ரெம்2 மரபணு. செத்த செல்லின் கொழுப்பு, அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு புரதக் கசடு போன்றவை அந்த உணர்வியில் வந்து ஒட்டும்போது மைக்ரோகிளியா முழுசாக விழித்துக்கொண்டு, கசடைச் சூழ்ந்து, முடிந்த அளவு தின்று, மிச்சத்தை இறுக்கி ஒதுக்கிவைக்கும்.

சளி பிடித்து மூக்கடைத்த ஒருவரைக் குப்பை தேட அனுப்பினால் எப்படி? ஆள் இருக்கிறார், நாற்றம்தான் தெரியவில்லை. ட்ரெம்2 பழுதானாலும் கிட்டத்தட்ட அதே கதைதான், கசடு தளர்ந்து சிதறிக் கிடந்து பக்கத்து நரம்பிழைகளைச் சிதைக்கும்.

2013-இல் வெளியான ஆய்வுகளில், இந்த மரபணுவில் ஆர்47ஹெச் என்ற ஒரே ஓர் எழுத்து மாற்றம் அல்சைமர் வாய்ப்பை 2 முதல் 4 மடங்கு வரை கூட்டுவது தெரியவந்தது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்த ட்ரெம்2-இன் இரண்டு பிரதிகளும் கெட்டால் வருவது நாசு-ஹகோலா என்ற அரிய நோய். நடுவயதுக்குள்ளேயே மறதிநோய், கூடவே எலும்பில் பொத்தல்கள் (எலும்பைக் கரைக்கும் செல்களிலும் இதே உணர்வி உண்டு).

அப்புறம், மூளை அழற்சியை, அதாவது இந்தப் படை அளவுமீறிக் கிளம்புவதை, எப்படியாவது அடக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ட்ரெம்2 பழுதானவர்களுக்கு, ஆரம்பக் கட்டத்திலாவது, எழும்ப வேண்டிய படை எழும்பாததுதான் சிக்கல்.