கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் காவல் துறைக்குக் கண்காணிப்புக் கேமரா வாங்கிக் கொடுக்க வணிகர்கள் நிதி திரட்டலாமா? அதற்குக் கணக்குக் கேட்பது யார்?

அப்படி ஒரு வசூலை முன்னின்று நடத்தியவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். எங்களுடையது காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் உள்ள சிறு நகரம். ஊர்ப் பெயர் வேண்டாம். கடைத்தெருவில் எனக்குப் பித்தளைப் பாத்திரக் கடை இருக்கிறது. அப்போது வணிகர் சங்கப் பொருளாளராகவும் இருந்தேன். தீபாவளி நெரிசலுக்கு முன் தெருவில் கேமரா பொருத்தினால் நல்லது என்று காவல் நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கடைக்கு இவ்வளவு என்று பேசி, ரசீது போட்டு வசூலித்து, 16 கேமராக்களும் பதிவுப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தோம். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அடுத்த ஆண்டு அடைமழைக் காலத்தில் அதே தெருவில் ஓர் இருசக்கர வாகனம் திருடு போனது. பதிவைப் பார்க்கப் போனபோதுதான், சாக்கடைப் பணிக்காகச் சாலையைத் தோண்டியவர்கள் கம்பங்களைச் சாய்த்து வயரை அறுத்துவிட்டதால், 16இல் 11 கேமராக்கள் பல மாதங்களாகவே இயங்கவில்லை என்பது தெரிந்தது. பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று கேட்டேன். "நீங்கள் கொடுத்த பொருள்தானே, நீங்களே ஆளை வரவழைத்துப் பாருங்கள்" என்றார் நிலைய எழுத்தர். அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது அவர் நிலையும் புரிந்தது. அந்தக் கேமராக்கள் நிலையத்தின் எந்தப் பொருள் பதிவேட்டிலும் ஏறியிருக்கவில்லை. பதிவேட்டில் இல்லாத பொருளுக்குப் பராமரிப்புச் செலவு கேட்டு அவர் எழுத முடியாது. எங்கள் சங்கக் கணக்கிலோ அது கொடுத்து முடித்த நன்கொடை. ஆக, அந்த 16 கேமராக்களுக்கும் உடைமையாளர் என்று ஒருவருமே இல்லை.

இந்த நிலைக்குக் காரணம் பணம் வரும் வழியில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல் என்பது மாநிலப் பட்டியலில் உள்ள துறை. நகராட்சியோ மாநகராட்சியோ அதற்கு நிதி தருவதும் இல்லை, அதைக் கேள்வி கேட்பதும் இல்லை. கும்பகோணம் 2021இல் மாநகராட்சியாக உயர்ந்தது. ஆனால் திருச்சியைப் போல அங்கே காவல் ஆணையரகம் வரவில்லை, தஞ்சாவூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ்தான் அதன் நிலையங்கள் இருக்கின்றன. தெருவிளக்கு எரியவில்லை என்றால் வார்டு உறுப்பினரைப் பிடித்துக் கேட்கலாம். ரோந்து வண்டி வரவில்லை என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. காவல் துறைக்கான தொகையை ஆண்டுதோறும் சட்டமன்றம் 22ஆம் எண் மானியக் கோரிக்கையின் வழியாக ஒதுக்குகிறது. அதில் பெரும்பகுதி ஊதியத்துக்கே போய்விடுகிறது. கருவிகளுக்கென்று 1969-70 முதல் நடந்துவரும் காவல் நவீனமயமாக்கல் திட்டத்தில் மத்திய அரசும் நம் மாநிலமும் 60க்கு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய பொருள்கள் மேலிருந்து வந்து சேர்ந்துவிடும். அறுந்த வயர், தீர்ந்த மை, வெள்ளைத்தாள் போன்றவைதான் திண்டாட்டம். புகார் கொடுக்கப் போனவரைக் காகிதக் கட்டு வாங்கிவரச் சொன்ன கதையைக் கேள்விப்படாதவர் நம் பக்கத்தில் குறைவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கைபேசி உகந்தது என்கிறது. யாருடைய கைபேசி என்று சொல்லவில்லை.

கணக்குக் கேட்கும் அமைப்புகள் இல்லாமல் இல்லை. இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் தணிக்கை இருக்கிறது. ஆனால் அது ஒரு கடைத்தெருவின் வயர் வரைக்கும் இறங்கி வராது. காவலர் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் தனி ஆணையங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டமோ, மாவட்ட அளவில் ஆட்சியரைத் தலைவராகவும் காவல் கண்காணிப்பாளரை உறுப்பினராகவும் வைத்தது. புகாருக்கு உள்ளான துறையின் அதிகாரியே விசாரிக்கும் இடத்தில் அமர்வதை நான் ஏற்கவில்லை.

காவல் நிலையத்துக்கு உள்ளே இருக்கும் கேமராக்களின் நிலை சற்று வேறு. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் இறந்த வழக்கில், நிலையக் கேமராவின் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், பழுதானால் நிலையப் பொறுப்பு அதிகாரி மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தக் குழுவில் மேயருக்கும் ஓர் இடம் உண்டு. நான் அறிந்தவரை, காவல் துறையின் கருவி ஒன்றைப் பற்றி நகரத்தின் பிரதிநிதி உட்கார்ந்து கேள்வி கேட்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். கும்பகோணத்துக்காரர்கள் தங்கள் மேயரிடம் அந்தக் குழு எப்போது கூடியது என்று கேட்கலாம். எங்களைப் போன்றவர்கள் வாங்கிக் கொடுத்த தெருக் கேமராக்களுக்கு இந்த ஆணை பொருந்தாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த விழாவுக்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு, என் கடை வாசலில் சரக்கு வண்டி எத்தனை மணி நேரம் நின்றாலும் யாரும் வந்து கேட்கவில்லை. எதிரே பூக்கடை வைத்திருக்கும் அம்மாளின் தள்ளுவண்டியை மட்டும் இரண்டு முறை அப்புறப்படுத்தினார்கள். அவர் வசூலில் பங்கு கொடுக்கவில்லை, கொடுக்கும் நிலையிலும் இல்லை. யாரும் என்னிடம் சலுகை தருவதாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இருந்தாலும் நன்கொடை அங்கே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. கேமரா ஏன் ஓடவில்லை என்று எழுத்தில் கேட்க நான் மூன்று மாதம் தயங்கியதற்கும் அந்தச் சால்வைதான் காரணம்.

பின்னர் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டப்படி மூன்று கேள்விகள் கேட்டேன்: கேமராக்கள் எந்தப் பதிவேட்டில் உள்ளன, பராமரிப்பு யாருடையது, பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது. முப்பது நாளுக்குள் பதில் வந்தது. முதல் கேள்விக்கு, அப்படிப் பதிவு ஏதும் இல்லை என்றார்கள். அந்தப் பதிலையும் பழைய பற்றுச்சீட்டு நகல்களையும் இணைத்துக் கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுத்த பிறகே பொருள்கள் பதிவேட்டில் ஏறின. இப்போது 14 கேமராக்கள் ஓடுகின்றன.

எனவே, நிதி திரட்டுங்கள். ஆனால் தனி அதிகாரியின் கையில் பொருளைக் கொடுக்காதீர்கள். கண்காணிப்பாளர் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ ஏற்பும், பதிவேட்டு எண்ணும், குறைந்தது மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் கையில் வந்த பிறகே பணத்தை விடுங்கள். கொடுத்தவர் பெயர்களைப் பலகையில் எழுதாதீர்கள். 2028இல் மகாமகம் வருகிறது. 1992இல் குளத்தருகே நெரிசலில் பலர் இறந்த ஊர் என்பதால் கேமரா வேண்டும் என்ற கோரிக்கை கும்பகோணத்து வணிகர்களை நோக்கி விரைவில் வரக்கூடும். விழா முடிந்த மறுமாதம் அவற்றைப் பழுது பார்ப்பது யார் என்று முதல் கூட்டத்திலேயே கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.